டிரா சார்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு யார் போன் செய்தாலும் டிரா சார் எடுக்க மாட்டார். நியூயார்க்கில் அப்போது நண்பகல். யு.எஸ். ஓபன் டென்னிஸின் டிரா, அதாவது யார் யாரோடு மோதுவது என்கிற அட்டவணை, வெளியாகிற நேரம். ஆட்டம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது. டிரா சாரைப் பொறுத்தவரை போட்டி அன்று இரவே தொடங்கி, மறுநாள் காலைக் காபிக்குள் முடிந்துவிடும்.

அவருடைய சொந்தப் பெயர் வங்கியின் ஓய்வூதியப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. சென்னையில் காலை ஆறு மணிக்கு இரட்டையர் ஆட்டம் ஆடி, ஏழரைக்குக் கோர்ட் ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க் காபியைப் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டம் வைத்த பெயர்தான் டிரா சார். டிரா வந்ததும் அவர் நேராகப் போவது தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு. 128 பெயரைப் போனில் பார்க்க முடியாது. ஏ4 தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஏ3 தாள்தான் சரி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட கடைக்காரர், அவர் தலை தெரிந்ததும் மறுபடி ஏற்றுவார்.

"அமெரிக்காவா சார்?"

"ஆமாப்பா. ஆறு காப்பி போடு."

ஜனவரியில் ஆஸ்திரேலியா, மே மாதம் பாரிஸ், ஜூனில் விம்பிள்டன் என்று கடைக்காரருக்கும் கிராண்ட் ஸ்லாம் காலண்டர் அத்துப்படி. டென்னிஸ் எப்படி ஆடுவார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை இரட்டையர் ஆட்டம் ஒரு செட்டோடு நின்றுவிடும். ஆறு தாள், ஆறு பென்சில். டிரா சார் முதல் சுற்றைப் படிப்பதே இல்லை. கண் நேராகக் கால் இறுதிக்குப் போகும். "மூணாவது ரவுண்டுல இவன் வருவான், நாலாவதுல அவன் வருவான், குவார்ட்டர்ல பெரியவன் வருவான்" என்று, பத்திரிகை கொடுத்த வீடுகளிலிருந்து பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணுகிற பெண் வீட்டுக்காரர் மாதிரி எண்ணிக்கொண்டே போவார். வருவான், வருவான் என்பதைத் தவிர அவர் பேச்சில் வேறு வினைச்சொல் கிடையாது. எதிர்காலம் தவிர வேறு காலமும் கிடையாது. முதல் சுற்றில் அந்தப் பெரியவனுக்கு எதிரே நிற்கிறவர் யார் என்று கேட்டால், "யாரோ ஒரு பையன்" என்பார். அந்தப் பையனுக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும்.

பெஞ்சுக்குப் புதிதாக ஒருவர் வந்து சிக்கிவிட்டால் பாடம் நடக்கும். மொத்தம் 128 பேர். அதில் 32 பேர் தரநிலை பெற்றவர்கள். பெஞ்சு பாஷையில் 'சீட்'. முதல் சீட் தாளின் உச்சியில், இரண்டாம் சீட் தாளின் அடியில். இறுதிப் போட்டி வரை இருவரும் முகத்தில் விழிக்க முடியாது. மூன்றும் நான்கும் எந்தப் பாதிக்குப் போவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ஐந்து முதல் எட்டு வரை கால் பகுதிக்கு ஒருவர். 25 முதல் 32 வரை உள்ளவர்கள், மூன்றாம் சுற்றில் முதல் எட்டுப் பேரில் ஒருவரிடம் மாட்டும்படி வைக்கப்படுவார்கள். மிச்சம் 96 பேர் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

"2001-க்கு முன்னாடி பதினாறு சீட்தான் தம்பி. அப்போ டிராவுல உப்பு காரம் இருந்தது. முதல் ரவுண்டுலயே பதினேழாம் ராங்க்காரன் வந்து நிப்பான். இப்போ முப்பத்திரண்டு ஆக்கிப் பத்தியச் சாப்பாடு மாதிரி பண்ணிட்டாங்க."

இதையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய மனிதருக்கு, தான் குடியிருக்கும் அடுக்ககத்தில் மேல் வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

ஜாதகம் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. 'கட்டம் சரியில்லை' என்கிற வாக்கியம் இரண்டு தொழிலுக்கும் பொது. ஆனால் ஜோசியர் பரிகாரம் சொல்லி அனுப்புவார். டிரா சாரிடம் பரிகாரம் கிடையாது, புலம்பல் மட்டும்தான். அந்தப் புலம்பலுக்கும் ஒரே ஒரு விதிதான்: நம் ஆளுக்கு வந்தது முள்ளு, மற்றவனுக்குக் கிடைத்தது அல்வா. உலகத்தில் எந்த ரசிகனும் தன் ஆட்டக்காரனுக்குச் சுலபமான டிரா வந்ததாக ஒப்புக்கொண்டதில்லை. 2025-ல் பெஞ்சின் கடைக்குட்டியான ஐ.டி. கம்பெனித் தம்பி, "அல்கராஸ் பக்கம் ஜோகோவிச்சைத் தள்ளிட்டாங்க சார், சின்னர் பக்கம் காத்து வாங்குது" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அரை இறுதியில் அந்த ஜோகோவிச்சை நேர் செட்களில் வென்று, இறுதியில் அந்தச் சின்னரையும் வென்று கோப்பையைத் தூக்கினார் அல்கராஸ். "டிரா கஷ்டமா இருந்தது சார், இருந்தாலும் ஜெயிச்சார் பாத்தீங்களா" என்றார் தம்பி. புலம்பல் வீண் போகவில்லை. பெருமையாக வட்டியோடு திரும்பி வந்தது.

டிரா சார் ஃபெடரர் பக்தர். அவருடைய துக்கம் கொஞ்சம் பெரிது. ஃபெடரரும் நடாலும் நியூயார்க்கில் மோத வேண்டும். அதற்காக எத்தனையோ ஆகஸ்டில் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார். மெல்பர்னில் மோதினார்கள், பாரிஸில் மோதினார்கள், விம்பிள்டனில் மோதினார்கள். நியூயார்க்? 2008-ல் ஃபெடரர் இறுதிக்கு வந்தார். நடாலை அரை இறுதியில் மர்ரே நிறுத்திவிட்டார். 2009-ல் அதே கதை, இந்த முறை நிறுத்தியது டெல் போட்ரோ. 2010-ல் நடால் வந்து காத்திருந்தார். ஃபெடரர் கையில் இரண்டு மேட்ச் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு ஜோகோவிச்சிடம் தோற்றார். 2011-ல் மறுபடியும் இரண்டு மேட்ச் பாயிண்ட், மறுபடியும் ஜோகோவிச். 2013-ல் இருவரும் ஒரே கால் பகுதியில் விழுந்தபோது சார் அந்தக் கால் இறுதியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தார். நான்காம் சுற்றில் ராப்ரெடோ வந்து ஃபெடரரை வீட்டுக்கு அனுப்பினார். 2017-ல் அரை இறுதியில் சந்திக்கும்படி அமைந்தது. ஒரு படி முன்னால் மறுபடியும் டெல் போட்ரோ. கடைசி வரை அந்த ஆட்டம் நியூயார்க்கில் நடக்கவே இல்லை.

"அது டிராவோட தப்பு இல்லையே சார்" என்று யாராவது சொன்னால், பிளாஸ்க் மூடியில் அவருக்கு ஊற்றிய காபி திரும்பப் பெறப்படும்.

இங்கேதான் ஆடிட்டர் நுழைவார். பெஞ்சில் அவர் சந்தேகப் பிரிவுக்குப் பொறுப்பு. தொழில் தோஷம், கூட்டினால் சரியாக வருகிற கணக்கைப் பார்த்தால்தான் அவருக்குச் சந்தேகமே வரும். "2008-லிருந்து 2011 வரை நாலு வருஷமும் யு.எஸ். ஓபன் செமியில ஃபெடரருக்கு ஜோகோவிச்தான். நடாலுக்கு ஒரு தடவைகூட இல்லை. குலுக்கிப் போட்டாங்களாம், குலுக்கி!" நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழ 16-க்கு ஒரு வாய்ப்பு உண்டு, தாய ஆட்டத்தில்கூட அதைவிட அதிசயம் நடக்கும் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டுவார். 2007-ல் ஜோகோவிச் நடாலின் பாதியில்தான் இருந்தார் என்பதையும் ஞாபகப்படுத்துவார். ஆடிட்டர் 2007-ஐத் தணிக்கையில் சேர்ப்பதில்லை.

அவரிடம் ஆவணமும் உண்டு. 2011-ல் இ.எஸ்.பி.என். பத்தாண்டு யு.எஸ். ஓபன் டிராக்களை ஆராய்ந்து, முதல் இரண்டு சீட்களுக்கு முதல் சுற்றில் இயல்பாக எதிர்பார்ப்பதைவிடப் பலவீனமான எதிராளிகளே வாய்த்திருக்கிறார்கள் என்று சொன்னது. அமெரிக்க டென்னிஸ் சங்கம் அதை மறுத்தது. மறுப்பு வந்ததே போதும், ஆடிட்டருக்கு அதுதான் ஆதாரம். அதற்கும் முன்னால் 1996 இருக்கிறது. அந்த வருஷம் சீட் யார் யாருக்கு என்று அறிவிப்பதற்கு முன்பே ஆண்கள் டிராவை எடுத்துவிட்டார்கள். சீட் வரிசையும் உலகத் தரவரிசைப்படி இல்லை. வீரர்கள் கொதித்தார்கள், டிராவை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. தரவரிசையில் நான்காவதாக இருந்து ஏழாம் சீட்டுக்குத் தள்ளப்பட்ட காஃபெல்னிகோவ், அப்படியும் மனம் ஆறாமல் போட்டியிலிருந்தே விலகினார். இந்த ஒரு விஷயத்தில் ஆடிட்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அல்வா டிரா என்று பெஞ்சு ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியது ஒரே ஒரு தடவைதான், 2016-ல். அதுவும் டிரா வந்தபோது இல்லை, ஆட்டம் நடக்க நடக்க. ஜோகோவிச்சை எதிர்த்து இரண்டாம் சுற்றில் ஆட வேண்டியவர் ஆடவே வரவில்லை. மூன்றாம் சுற்றுக்காரர் ஆறு கேம் முடிந்ததுமே காயத்தோடு கை குலுக்கிவிட்டார். கால் இறுதியில் ட்சோங்காவும் பாதியில் விலகினார். இறுதிக்கு ஜோகோவிச் குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்த மாதிரி வந்தார். எதிரே வாவ்ரிங்கா, மூன்றாம் சுற்றிலேயே ஒரு மேட்ச் பாயிண்ட்டில் தப்பிப் பிழைத்து, வெயிலில் வறுபட்டு வந்தவர். வாவ்ரிங்கா நான்கு செட்டில் ஜெயித்தார். ஓய்வு அதிகமானதுதான் ஜோகோவிச்சின் தோல்விக்குக் காரணம் என்று டிரா சார் அன்றே விளக்கினார். ஆக, அல்வாவும் முள்ளுதான்.

பெஞ்சுக்கு ஆறாத வெட்கம் ஒன்று உண்டு. பேச்சு அந்தப் பக்கம் போனால் எல்லோரும் ஷூ லேஸ் கட்டக் குனிவார்கள். அந்த வாவ்ரிங்காவை 2016 ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓபன் கோப்பையோடு நேரில் பார்த்தவர்கள் இவர்கள். அதற்கு முன்பும் 2011, 2014, 2015 என்று மூன்று தடவை பார்த்தாயிற்று. ஆகஸ்டில் தாள் வந்தபோது இறுதிக் கட்டத்தில் ஒருவரும் அவர் பெயரை எழுதவில்லை. சரி, ஒரு தடவை தவறலாம். 2014-ல் ஆறு தாளிலும் ஃபெடரர், ஜோகோவிச் என்றே இறுதி எழுதப்பட்டிருந்தது. ஒரே நாளில் இருவரும் அரை இறுதியில் தோற்றார்கள். பட்டம் வாங்கியவர் 14-ஆம் சீட் மரின் சிலிச். 2009-லும் 2010-லும் அவர் ஜெயித்த ஊரும் இதே சென்னை. டிரா சார் அன்றைக்குக் காலரியில் அவருக்குக் கைதட்டிய கை, இன்றைக்குப் பென்சில் பிடிக்கிற அதே கை. வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள் ஊரை ஜெயித்துவிடுவார்கள் என்று யாருக்குத்தான் தோன்றும்!

நம் பையன்கள் டிராவில் இருந்தால் பெஞ்சின் இலக்கணமே மாறிவிடும். 1987-ல் ரமேஷ் கிருஷ்ணன் அங்கே இரண்டாம் முறையாகக் கால் இறுதி ஆடியதைச் சார் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். 2019-ல் சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு முதல் சுற்றில் வந்தது ஐந்தாம் சீட் மெத்வதேவ். "இவனை ஏன் இங்க கொண்டுவந்து போட்டாங்க" என்று பெஞ்சு அழுதது. மெத்வதேவ் அந்த முறை இறுதி வரை போனதால் அழுகைக்கு மரியாதை கிடைத்தது. அதே தாளில் ஃபெடரருக்கு எதிரே பெயர் இல்லை. 'குவாலிஃபையர்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. தகுதிச் சுற்று முடிவதற்கு முன்பே பிரதான டிரா வெளியாகிவிடும். தகுதி பெறுகிறவர்களைப் பிறகு குலுக்கி அந்த இடங்களில் பொருத்துவார்கள். டிரா சார் அந்த வரியைத் தாண்டி மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டார். மறுநாள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் நம் சுமித் நாகல்.

செரினாவும் ஷரபோவாவும் ஆடி முடித்த பிறகுதான் ஃபெடரர்-நாகல் ஆட்டம். அங்கே இரவு, இங்கே விடிகாலை. கோர்ட்டில் நெட் கட்டி மார்க்கர் பந்தோடு நிற்க, ஆறு பேரும் ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். முதல் செட்டை 6-4 என்று நாகல் எடுத்தபோது பெஞ்சு எழுந்து கத்தியது. ஃபெடரர் பக்தரும் கத்தினார். அடுத்த மூன்று செட்டையும் ஃபெடரர் எடுத்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டவரும் அவர்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஜெயித்து இரண்டு பக்கமும் தோற்ற ரசிகர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆட்டம் தொடங்கியதும் அவர் முகம் வாடத் தொடங்கும். முதல் நாள் ஒரு சீட் விழும், இரண்டாம் நாள் மூன்று. 'வருவான்' என்றவன் வரவில்லை. தாளில் அடித்தல் திருத்தல். முதல் வார முடிவில், "டிரா ஓப்பன் ஆயிடுச்சு" என்று புது நம்பிக்கையோடு வேறு நிறப் பென்சில் எடுப்பார். அதுவும் இரண்டு நாள்தான். இறுதிப் போட்டியை அவர் முழுதாகப் பார்த்ததாகச் சாட்சி இல்லை. மறுநாள் காலை ஸ்கோர் கேட்டுக்கொள்வார்.

பெண்கள் டிராவையும் ஜெராக்ஸ் எடுப்பார். ஆனால் பென்சில் அதில் அதிகம் படுவதில்லை. மூன்று செட் ஆட்டம், எதையும் கணிக்க முடியாது என்பது அவர் சொல்லும் சாக்கு. ஆண்கள் டிராவை என்னவோ கணித்துக் கிழித்துவிட்ட மாதிரி. பழைய தாள்களை வருஷவாரியாக ஒரு வங்கிக் கோப்பில் நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். 2021-ஆம் ஆண்டுப் பெண்கள் தாளும் அதில் இருக்கிறது. உலகத் தரவரிசையில் 150-ஆவது இடத்திலிருந்த எம்மா ரடுகானு, தகுதிச் சுற்றில் மூன்று, பிரதான சுற்றில் ஏழு என்று பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்ற வருஷம் அது. டிரா வெளியானது வியாழக்கிழமை. அவர் தகுதி பெற்றது வெள்ளிக்கிழமை. சாரின் கோப்பில் உள்ள தாளில் அந்த இடத்தில் இன்றைக்கும் 'குவாலிஃபையர்' என்றுதான் இருக்கிறது.