முதலில் கவிதை, பிறகு குறிப்பு

கேள்வி: பைபிள், உபநிடதம், பௌத்தம் எல்லாம் தெரிந்தால்தான் டி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ புரியுமா?

பதில்: ஜாதகம் பார்த்துவிட்டா நண்பர்களைப் பிடிக்கிறீர்கள்? 1922 அக்டோபரில் லண்டனின் ‘கிரைட்டீரியன்’ முதல் இதழிலும், நியூயார்க்கின் ‘டயல்’ நவம்பர் இதழிலும் அக்கவிதை வந்தபோது ஒரு குறிப்புகூடக் கிடையாது. புத்தகமாக்கப் பக்கம் போதாததால்தான் குறிப்புகள் நீண்டன. டாரட் சீட்டையும் புனிதக் கிண்ணத்தையும் தேடி வாசகர்களை அலையவிட்டதற்காக, 1956-ல் ஓர் உரையில் எலியட்டே வருத்தப்பட்டார்.

அதற்காக மூலங்களைத் தேடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிருகதாரண்யக உபநிடதத்தில் பிரஜாபதி ‘த’ என்று ஒரே எழுத்தைத்தான் உபதேசிக்கிறார். தேவர்களுக்கு அது ‘அடங்கு’, மனிதர்களுக்கு ‘கொடு’, அசுரர்களுக்கு ‘இரங்கு’. கவிதையின் கடைசிப் பகுதியில் இந்த ‘த’வை இடியின் குரலாக ஒலிக்கவிடும் எலியட், வரிசையைக் கலைத்து, மனிதர்களுக்கான ‘கொடு’வை முதலில் வைக்கிறார். ஹார்வர்டில் சமஸ்கிருதமும் பாலியும் படித்தவர், கைதவறி நடந்திருக்காது. முதல் உலகப்போர் முடிந்து நாலே வருடம் ஆன ஐரோப்பாவுக்கு இடி சொல்லும் முதல் சொல் அது என்று தெரியும்போது எனக்குச் சிலிர்க்கிறது. மூன்றாம் பகுதியின் முடிவிலோ புத்தரையும் புனித அகஸ்டினையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்!

ஆகவே கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் குறிப்புகளைத் திறவுங்கள்.