இறங்கத் தெரியாதவன்

சாத்தூர்க்காரனுக்கு ராக்கெட் விடச் சொல்லித்தர பெட்டிக்குள் ஒரு காகிதம் வைத்திருக்கிறானே என்று சிரித்தவன் நான். சிவகாசிக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, மருந்து வாசத்திலேயே வளர்ந்தவனுக்குப் பாடமா? காகிதத்தைப் பிரிக்காமல் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். இனிமேல் இங்கே வரப்போகிற மானக்கேடுகள் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்த ஒரு காரியம்தான்.

டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்கு என்று சொல்லி வாங்கிய மாடல் ராக்கெட் அது. உண்மையில் யாருக்கு வாங்கினேன் என்பது கடையிலேயே அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்தவை: ஓரடி நீளத்தில் ஓர் அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பால்சா பலகையில் அச்சு வெட்டிய துடுப்புகள், எஞ்சினைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டிக் குழாய், ரப்பர் நாடா, பிளாஸ்டிக் பாராசூட், கொஞ்சம் நூல். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றம்கூட.

தீபாவளி ராக்கெட்டை நாங்கள் பாட்டிலில் நிறுத்தி, திரியைக் கிள்ளிப் பற்றவைப்போம். போகும், வெடிக்கும். குச்சி எவன் வீட்டு ஓட்டில் விழுந்தது, எந்தக் கூரையைப் பொசுக்கியது என்று நாங்கள் தேடிப் போனதே கிடையாது. எங்களைத் தேடித்தான் ஆள் வருவார்கள். ஆனால் மாடல் ராக்கெட் மேலே போனால் மட்டும் போதாது, முழுசாகத் திரும்பி வரவேண்டும். வந்ததும் பழைய எஞ்சினைக் கழற்றிப் புதுசு சொருகி மறுபடி விடவேண்டும். அந்தப் பெட்டியில் இருந்த சாமான்களில் பாதி இறங்குவதற்கானவை. நானோ ஏறுவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சினைப் பார்த்ததும் ஊர்ப் பாசம் பொங்கிவிட்டது. கட்டைவிரல் பருமனில் ஒரு காகிதக் குழல். அடியில் களிமண்ணில் ஒரு துளை. அதற்கு மேல் இறுக்கி அடித்த கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி என்று நம்ம ஊரில் சேர்க்கும் அதே மூன்றும். அதற்கும் மேலே, புகைந்துகொண்டே நேரம் கடத்தும் தாமத மருந்து. உச்சியில் ஒரு சிட்டிகை மருந்து. அது வெடித்துத்தான் மூக்கைக் கழற்றி பாராசூட்டை வெளியே தள்ளும். மேலே ‘ஏ8-3’ என்று அச்சடித்திருக்கும். ஏ என்பது மொத்த வலு, 2.5 நியூட்டன்-விநாடி வரை. அடுத்த எழுத்து பி அதைப்போல இரண்டு பங்கு, சி நான்கு பங்கு. 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். 3 என்றால், மருந்து எரிந்து முடிந்து 3 விநாடி கழித்துப் பாராசூட் வெளியே வரும். உந்துமருந்து எரிவது ஒரு விநாடிக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் எஞ்சின் சும்மா இருக்க, பெட்டிக்காரன் எழுதிக் கொடுத்ததை நாம் ஒழுங்காகச் செய்திருக்கிறோமா என்ற பரீட்சைதான்.

முதல் பரீட்சை பசையில். எஞ்சின் பிடிக்கும் குட்டிக் குழாயைப் பெரிய குழாய்க்குள் செருகி ஒட்டவேண்டும். உள்சுவரில் மரப்பசையை வளையமாகத் தடவி, ஒரே மூச்சில் நிறுத்தாமல் உள்ளே தள்ளவேண்டுமாம். இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் தாராளமாகப் பசை பூசி, பாதி தள்ளி, ‘நேரா போகுதா பாரு’ என்று மகளிடம் காட்டினேன். அவள் பார்த்து முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டது. அட்டை பசையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சில விநாடி நின்றாலே போதும், நகராது. அழுத்தினேன், திருகினேன், மேஜை விளிம்பில் வைத்துத் தட்டினேன். கால் அங்குலம் வெளியே தெரியவேண்டிய குழாய் ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. “இது டிசைன் மாத்தம்மா” என்றேன். மகள் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

துடுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பால்சா மிக லேசான மரம். அதன் நார் ஓடும் திசை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அப்பளத்துக்கு இருக்கும் பலம்கூட இருக்காது. அச்சில் வந்தவை சரியாகத்தான் இருந்தன. உப்புத்தாள் போடும்போது ஒன்றை உடைத்துவிட்டு, மிச்சப் பலகையில் நானே ஒன்று வெட்டினேன். எந்தத் திசையில் வெட்டினேன் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். சந்துகளில் எல்லாம் பலத்துக்காகப் பசையை அப்பினேன்.

அந்தச் சமயம் மாமனார் மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். மாமா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்துக்கு எல்லோரும் கிளம்பினோம். மூன்றடி இரும்புக் கம்பியில் ராக்கெட்டைக் கோர்த்து, எஞ்சின் துளைக்குள் மின்சாரத் திரியைச் செருகி, இரண்டு கிளிப்பை மாட்டி, ஐந்து மீட்டர் ஒயர் தள்ளி நின்று பட்டனை அழுத்தவேண்டும். மகள் பத்திலிருந்து எண்ணினாள். பூஜ்யம். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பூஜ்யம். மறுபடி ஒன்றுமில்லை.

“என்ன மாப்ளே, கெளம்பலியா?”

“ஒரு நிமிஷம் மாமா.”

“குச்சி இருக்கு, தரட்டா?” என்று சட்டைப்பையைத் தொட்டார். மேல்நாட்டுக்கு வந்தும் தீப்பெட்டி இல்லாமல் வெளியே இறங்காத மனிதர். கையால் பற்றவைக்கவே கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் சட்டம் என்று விளக்கினேன். “சாத்தூர்க்காரரா இப்படிப் பேசுறது?” என்றார். எரியாவிட்டால் பட்டன் பெட்டியின் சாவியைக் கழற்றிவிட்டு முழுசாக ஒரு நிமிடம் காத்திருந்துதான் பக்கத்தில் போகவேண்டும். போய்ப் பார்த்தால் இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மின்சாரம் திரிக்குப் போகாமல் குறுக்கு வழியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

சரிசெய்து அழுத்தியதும் ‘ஸ்ஸ்’ என்று கிளம்பியது. கம்பியை விட்ட மறுகணமே அது ஆகாயத்தை மறந்துவிட்டது. ஒரு குட்டிக்கரணம், இன்னொன்று, அப்புறம் எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுச் சுற்றி புல்லில் படுத்துக்கொண்டு, அங்கேயே பாராசூட்டைத் துப்பியது. மாமா கைதட்டினார். சங்குசக்கரம் என்று நினைத்துவிட்டார்.

காரணத்தை அன்று இரவு, அந்தக் காகிதத்தை முதல்முறையாகப் பிரித்து வாசித்தபோது கண்டுபிடித்தேன். ராக்கெட்டின் எடை மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் அதற்குப் பின்னாலும் இருக்கவேண்டும். குழாயின் குறுக்களவு ஒன்றாவது இடைவெளி வேண்டும். இருந்தால்தான் சாய்ந்தாலும் துடுப்புகள் நிமிர்த்தும். ஜேம்ஸ் பாரோமேன் என்ற நாசா பொறியாளர் 1966-இல் இந்தக் காற்றழுத்த மையத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற சூத்திரமாக்கிக் கொடுத்தார். கணக்கு வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு: எஞ்சினோடு எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கவேண்டும்; மூக்கு முன்னால் போனால் நல்ல ராக்கெட். என்னுடையது வால் முன்னால் போனது. ராக்கெட்டிலேயே கனமான சாமான் எஞ்சின். அதைத்தான் என் ‘டிசைன் மாற்றம்’ ஓர் அங்குலத்துக்கு மேல் பின்னால் தள்ளி வைத்திருந்தது. போதாக்குறைக்குத் துடுப்பில் அப்பிய பசை வேறு.

மருந்து என்ன? மூக்குக்குள் களிமண். மகளின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி அடைத்தேன். அடுத்த முறை ராக்கெட் நேராகப் போனது; அம்பாகப் போனது என்று இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். நேராகவே கீழேயும் வந்தது, பாராசூட் விரியாமல்.

எஞ்சினுக்கும் பாராசூட்டுக்கும் நடுவே, கசக்கிய மெல்லிய காகிதங்கள் சிலவற்றை அடைக்கவேண்டும். உச்சி மருந்து வெடிக்கும்போது வருகிற தீயிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுவது அதுதான். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய காகிதம். அது தீர்ந்துபோயிருந்தது. இதற்கென்று தனியாக ஒரு பொட்டலம் வாங்குவதா என்று கஞ்சத்தனம் எட்டிப்பார்க்க, சமையலறையில் கை துடைக்கும் காகிதத்தைக் கிழித்து அடைத்துவிட்டேன். ராக்கெட் தரையில் குத்தி நின்றபோது உள்ளேயிருந்து ஒரு கோலிக்குண்டு அளவுக்குச் சிவப்புக் கட்டி உருண்டு விழுந்தது. அதுதான் பாராசூட். அதற்குப் பின்னால், ஓரத்தில் தணல் கனிந்தபடி காகிதம். டெக்சாஸ் புல் குளிர்காலத்தில் வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்து கிடக்கும். மாமாதான் ஓடிப்போய்ச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவருக்கு எது பற்றும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நார் மாற்றி வெட்டிய துடுப்பும் அன்றே ஒடிந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசுவதற்கு வேறு நிறைய இருந்தது.

இந்த மாடல் ராக்கெட் விளையாட்டையே முதலில் யோசித்தவர் விஞ்ஞானி இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் ஷூ கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கைப் பைத்தியம். மாடல் விமானம் விடும் அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு, ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று மேடையில் விளக்கிக் காட்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. 1954-இல் இவர் செய்து கொடுத்த ‘ராக்-எ-சூட்’டைத்தான் முதல் மாடல் ராக்கெட் என்கிறார்கள். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கொட்டகையில் குழாய்க்குள் மருந்து இடித்துக் கையைக் கெடுத்துக்கொள்வது அதிகமானது. வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஹாரி ஸ்டைன் அந்த ஆபத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். கார்லைல் அனுப்பிய மாதிரிகளை விட்டுப் பார்த்து, இதுதான் வழி என்று கம்பெனியே தொடங்கிவிட்டார். அவருக்கு எஞ்சின் செய்து கொடுக்க வந்த வெர்ன் எஸ்டஸ் டென்வரில் பட்டாசு செய்யும் குடும்பத்துப் பிள்ளை. அவர் கட்டிய இயந்திரத்துக்கு மேபல் என்று பெயர், 5.5 விநாடிக்கு ஓர் எஞ்சின் அடித்துத் தள்ளியது. அங்கேயும் பட்டாசுக்காரன்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பையன்கள் மருந்தைத் தொடவே கூடாது, ஒட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். அந்த ஒட்டுகிற வேலையில்தான் நான் தோற்றேன்.

பாராசூட் உருகிப்போன பிறகு புதிதாக ஒன்று நானே செய்தேன். பட்ட அடி போதும், இனி விரியாமல் போகக்கூடாது என்று குப்பைப் பையை அகலமாக வெட்டினேன். நூல் முடிச்செல்லாம் அத்தை போட்டார்கள். பூக் கட்டிப் பழகிய விரல், ஒன்றுகூட அவிழவில்லை. குளிரில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டால்கம் பவுடர் தூவவேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. (ஆமாம், இப்போது வாசிக்கிறேன்.) அத்தையின் கோகுல் சாண்டல் டப்பா அதற்குத்தான் காலியானது. மூக்கில் களிமண் ஏறிக் கனத்துவிட்டதே என்று ஏ எஞ்சினை விட்டு ஒரே தாவலில் சி வாங்கினேன். பதப்படுத்திய காகிதமும் வாங்கினேன். புதுத் துடுப்பை நார் பார்த்து வெட்டினேன். எல்லாம் சரி.

காற்று மட்டும் பாக்கி. தரையில் லேசாக வீசியது. காற்று அடிக்கும் பக்கமாகவே கம்பியைச் சாய்த்து வைத்தேன், ஒத்தாசையாக இருக்கட்டும் என்று. எதிர்க்காற்றுப் பக்கம் சாய்த்தால்தான் பாராசூட் மிதந்து நம்மிடம் திரும்பும். போனது பாருங்கள், வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு! உச்சியில் சந்தனப் பவுடர் புகைய பாராசூட் குடை விரித்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தலை நிமிர்ந்து நின்றது வாழ்க்கையிலேயே அந்தச் சில விநாடிகள்தான். அப்புறம்தான் அது இறங்கவில்லை என்பது புரிந்தது. நகர்ந்தது.

மகள் கணக்குச் சொன்னாள்: “விநாடிக்கு 4 மீட்டர் இறங்கினா, 200 மீட்டர்ல இருந்து வர 50 விநாடிப்பா. காத்து விநாடிக்கு 6 மீட்டர்னா 300 மீட்டர் தள்ளிப் போயிடும்.” என் குப்பைப் பைக் குடையில் அது விநாடிக்கு 4 மீட்டர்கூட இறங்கவில்லை. காற்றடிக்கிற நாளில் பாராசூட்டின் நடுவில் ஓட்டை போட்டு வேகமாக இறங்கவிடுவார்கள் என்பதும் காகிதத்தில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில். அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு நீச்சல் குளத்தில் கண்டெடுத்தோம். ஒரு கீறல் இல்லை. குழாய் ஊறி, வெந்த முருங்கைக்காய் மாதிரி கையில் பிரிந்து வந்தது. வீட்டுக்கார அம்மா தங்கமானவர், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சும்மா இராமல், 1926-இல் ராபர்ட் கோடார்டு விட்ட உலகத்தின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டும் 2.5 விநாடி பறந்து முட்டைக்கோஸ் பாத்தியில்தான் விழுந்தது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மகள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அவளிடம் சொந்தமாக ஒரு ராக்கெட் இருக்கிறது. காகிதத்தை முதலில் வாசித்து, அவளே ஒட்டியது. ஒழுங்காகப் போகிறது, ஒழுங்காக வருகிறது. என் வேலை ஒயரைச் சுருட்டுவது.

அவள் ராக்கெட் பறக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லி உறவில் பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில்: எஞ்சினை விமானத்தில் ஏற்ற முடியாது, கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. குழாய், மூக்கு, பால்சா பலகை, பாராசூட் இவற்றை வேண்டுமானால் கொண்டுவருகிறேன். காகிதத்தையும் மறக்காமல் வைக்கிறேன். ஒட்டுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.