டிரெய்லருக்கு முதுகுக்கண்ணு

ஏம் மாப்ளே, டிராக்டர் தவணையே இன்னும் முடியலை, அதுக்குள்ள டிரெய்லருக்குப் பின்னாடி கேமரா மாட்டப் போறியாமே? பாலக்கோடு தக்காளி மண்டியில கூடை இறக்குறவன் வரைக்கும் இதுதான் பேச்சு. ரொம்ப சந்தோஷம். உங்கப்பன் ஆயுசு முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பியே ரிவர்ஸ் எடுத்தான். கடைசியில டாக்டர் கழுத்துக்குப் பட்டை மாட்டிவிட்டதுதான் மிச்சம். உன் கழுத்தாவது மைனர் செயின் போட வசதியா நேரா இருக்கட்டும்.

ஆனா என்னமோ நீதான் கண்டுபிடிச்ச மாதிரி மீசையை முறுக்காத. 1956லயே அமெரிக்காவுல பியூக் கம்பெனிக்காரன் செஞ்சூரியன்னு ஒரு காரைக் கண்காட்சிக்குச் செஞ்சு, பின்னாடி டிவி கேமராவும் முன்னாடி சின்னத் திரையும் வெச்சுட்டான். நம்ம நாட்டுக்கு டிவி வந்ததே 1959ல, அதுவும் டில்லிக்கு மட்டும். அவன் ஊர்ல வீட்டையே வண்டியில பூட்டி இழுத்துக்கிட்டுக் குடும்பத்தோட சுத்துறான், அதனால இந்தக் கேமரா அவனுக்குச் சோறு மாதிரி. நமக்குக் கேரவன்னா சினிமாக்காரங்க மேக்கப் போடுற வண்டி. பக்கத்துல கேரளாக்காரன் 2021ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு கொள்கையே போட்டுட்டான். போகட்டும். கட்டில் மெத்தையை இழுத்தாலும் கரும்பை இழுத்தாலும் முன்னாடி உக்காந்திருக்கறவனுக்குப் பின்னாடி ஒரு மண்ணும் தெரியாது. அதனால நீ கேமரா வாங்குறது தப்பில்லை. வாங்குற லட்சணத்தைத்தான் சொல்றேன்.

கடையில போய் எத்தனை மெகாபிக்சல்னு கேட்டியாம். பொண்ணு பார்க்கவா போறே? பின்னாடி இருக்குறது வரப்பா வாய்க்காலா, ஆடா ஆளான்னு தெரிஞ்சாப் போதாதா? நீ கேக்க வேண்டியது வோல்ட். உன் டிராக்டர் பேட்டரி 12 வோல்ட், லாரிக்கு 24. வெறும் 24க்குன்னு செஞ்சதை உன் தலையில கட்டினா திரை கண்ணே திறக்காது. உன் 12ஐக் கொண்டுபோய் பங்காளி லாரியில மாட்டினா புகையோட கண்ணை மூடிக்கும். 10லிருந்து 32 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு டப்பா மேல எழுதியிருக்கறதைப் பார்த்து வாங்கு, ரெண்டு வம்பும் இல்லை.

அடுத்தது ஐ.பி. நம்பர். 67ன்னு இருந்தா தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். போதுமேன்னு தோணும். ஆனா வண்டியை வாட்டர் சர்வீஸ்ல விட்டு, டயர் இடுக்குச் சேறு தெறிக்கத் தெறிக்க அடிக்கச் சொல்லுவியே, அந்த வேகத்துக்கு 67 ஜவாப் இல்லை, 69கேன்னு போட்டிருக்கணும். அது கிடைக்கலைன்னா, குழாய் பிடிக்கிற பையன்கிட்ட "அந்தப் பக்கம் அடிக்காதப்பா சாமி"ன்னு சொல்லிப் பக்கத்துலயே நில்லு. அப்புறம் அந்த 170 டிகிரி. அகலமாக் காட்டும், வாஸ்தவம். பக்கத்துல இருக்குறதைத் தள்ளியும் காட்டும். இன்னும் எடம் இருக்குன்னு நீ வந்துகிட்டே இருப்பே, உங்கம்மாவோட தொட்டி ஒடைஞ்ச பிறகுதான் இல்லைன்னு தெரியும். 120, 130 போதும்.

ஒயர்லெஸ்னா ஒயரே வேண்டாம்னு சொன்னானா? கேமராவுக்குக் கரண்ட் ஆகாசத்துல இருந்தா வரும்? பெரும்பாலும் அதுக்கும் ஒயர் இழுத்தாகணும். படம் மட்டும்தான் காத்துல வரும். மலிவான பழைய ரகமா இருந்தா அது எவன் காத்துலன்னு சொல்ல முடியாது. கரும்பு வண்டியெல்லாம் வரிசை கட்டி நிக்கிற எடத்துல, அடுத்தவன் வண்டியோட பின்பக்கம் உன் திரையில வந்து உக்காந்துக்கும். நீ அவன் பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டு உன் வண்டியைப் பின்னாடி விடுவே. நம்ம ஊர்ல பாதிப் பேரு பிழைப்பு அப்படித்தான் நடக்குது, உனக்கு எதுக்கு? ஒயர் போட்டதையே வாங்கு.

மாட்டுற எடம்தான் பெரிய வம்பு. உச்சியில, நடுவுல, கீழே பார்த்த வாக்குல மாட்டணும். திரையோட அடியில டிரெய்லர் விளிம்பு ஒரு விரக்கடை தெரியணும். அப்பத்தான் எது எங்க முடியுதுன்னு கணக்கு கிடைக்கும். ஏட்டுல இதுதான் சரி. நீ தக்காளிக் கூடை ஏத்துற வரைக்கும் நெசத்துலயும் சரி. மார்கழி தை மாசம் கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்துவியே, அப்ப? தோகையோட தலைமாடு பின்பலகையைத் தாண்டிக் கூந்தலா தொங்கும். கேமரா நாள் முழுக்கக் கரும்புத் தோகையைப் படம் பிடிக்கும். சரி, பலகையிலயே கீழே மாட்டலாம்னா, உன்னோடது டிப்பர். மண்ணைக் கொட்டும்போது பலகை ஆடி ஒரு அறை விடும், கேமரா மண்ணோட மண்ணாக் கொட்டிடும். ஆகவே சேசிஸ் குறுக்குச் சட்டத்துல, பலகை ஆடாத எடத்துல, மேலே தகரத்துல சின்ன மூடி வெச்சு மாட்டு. சேறு படும்; படட்டும். கிளம்பும்போது துண்டு நுனியால துடைச்சுடு. மஞ்சள் தடவி எலுமிச்சம்பழம் கட்டத் தெரியுது, துடைக்கத் தெரியாதா? ஆமா, திருஷ்டிக்குன்னு பழைய செருப்பைக் கேமராவுக்கு நேரா தொங்கவிட்டுடாத. உன்னைச் செய்ய மாட்டேன்னு சொல்ல முடியாது.

ஒயரை சைலன்சர் பக்கமே கொண்டு போகாத. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவுல சுருள் கேபிள் போட்டு, சட்டுன்னு கழட்டுற மாதிரி பிளக்கு வை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முழுசா ஒடிச்சுத் திருப்பிப் பாரு. இறுகவும் கூடாது, தரையில உரசவும் கூடாது. டிப்பர் ஆயில் ஓஸோட சேர்த்துக் கட்டிடு. டிரெய்லரைக் கழட்டும்போது மொதல்ல பிளக்கு, அப்புறம்தான் பின்னு. தலைகீழாச் செஞ்சா வண்டி முன்னாடி போகும், ஒயர் பின்னாடியே நின்னுக்கும். டிரெய்லருக்கு வெல்டிங் வெக்கிற அன்னிக்கும் கேமரா பிளக்கைப் பிடுங்கிடு. பட்டறைக்காரன் உன்னைக் கேக்கவே மாட்டான்.

திரை எங்க வெப்பேன்னு யோசிச்சியா? காருன்னா கூரை இருக்கு. உன் டிராக்டருக்குக் கூரை எங்க? சித்திரை வெயில்ல அந்தத் திரையில உன் மூஞ்சி மட்டும்தான் தெரியும். நல்ல மூஞ்சிதான், இல்லேன்னு சொல்லலை. மேலேயும் பக்கவாட்டுலயும் கறுப்புத் தகட்டுல மறைப்பு வை. மழை தாங்குற திரைதானான்னு கேட்டு வாங்கு. கேமரா தாங்கும், திரை எல்லாம் தாங்காது. டிராக்டர் உதறுற உதறலுக்குச் சாதா நட்டு நாலு நாள்ல கழண்டுடும், நைலாக் நட்டு போடு. ராத்திரி கையோட கழட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போற மாதிரி பிடிப்பு இருக்கட்டும். இல்லேன்னா வேற எவனாவது அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான்.

லாரியா இருந்தா ரிவர்ஸ் லைட் ஒயர்ல சேர்த்துட்டா, கியர் போட்டதும் படம் வந்துடும். உன் டிராக்டர்ல ரிவர்ஸ் லைட்டே இல்லேன்னா தனி சுவிட்ச் போட்டு, நடுவுல ஃபியூஸ் ஒண்ணு வை. மாட்டி முடிச்சதும் உன் பொண்டாட்டியை டிரெய்லருக்குப் பின்னாடி வலப்பக்கமா நிக்கச் சொல்லு. திரையிலயும் வலப்பக்கமே நிக்கணும். இடப்பக்கம் நின்னா படம் திரும்பலைன்னு அர்த்தம்; கேமராவுல அதுக்குன்னு ஒரு வழி இருக்கும், கடைக்காரனையே மாத்தித் தரச் சொல்லு. அப்படியே கோலமாவு வாங்கி, டிரெய்லர் முடியிற எடத்துல இருந்து மூணு அடியில ஒரு கோடு, ஆறு அடியில ஒரு கோடு போட்டு, அது திரையில எங்க விழுதோ அங்க டேப் துண்டு ஒட்டிக்க. திரையில தானா வர்ற சிவப்பு மஞ்சள் கோடெல்லாம் எவனோ காருக்குப் போட்ட கணக்கு.

கொஞ்சம் கிண்டலை நிறுத்திட்டு ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல 2002ல ஒரு அப்பா, அவரே குழந்தைகளுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர், வீட்டு வாசல்ல வண்டியைப் பின்னாடி எடுத்தாரு. ரெண்டு வயசுப் பையன் பின்னாடி இருந்தது தெரியலை. அந்தப் பையன் பேர்லயே 2008ல சட்டம் போட்டாங்க. 2018 மே மாசத்துல இருந்து அங்க புதுசா விக்கிற கார் எல்லாத்துக்கும் பின்கேமரா கட்டாயம். நம்ம நாட்டுல 2019 ஜூலையில இருந்து புதுக் காருக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். உன் டிரெய்லரை அந்த விதி தொடாது. ஆனா களத்துல புளி உலர்த்துற எடத்துல, டிரெய்லர் நிழல்ல உக்காந்து விளையாடுற பசங்க நம்ம பசங்க. கேமரா வேலை செஞ்சாலும், இறங்கி ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு ஏறு.

ஏன்னா அதுக்கு நடுமுதுகுலதான் கண்ணு. தலைக்கு மேல தொங்குற கரண்ட் கம்பி தெரியாது, புளியமரக் கிளை தெரியாது. டிரெய்லர் எந்தப் பக்கம் ஒடியுதுன்னும் சொல்லாது; அதுக்கு நீ திரும்பித்தான் பாக்கணும். ரெண்டு சக்கர டிரெய்லருக்கே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கணும். நாலு சக்கரத்துக்கு மடிப்பு ரெண்டு. அதை ரிவர்ஸ் எடுக்கறவனைக் கும்பிடலாம். நான் லாரி ஓட்டுன காலத்துல கிளீனர் பின்னாடி நின்னு "வரலாம், வரலாம்"னு கத்துவான், பாடியில ஒரு தட்டு தட்டினா நின்னுடணும். அவனுக்குச் சாப்பாடு போடணும், திட்டினாக் கோவிச்சுக்குவான். கேமராவுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனா அது தட்டவும் தட்டாது. நீ மோதுறதை நல்லா வெளிச்சமாக் காட்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு கேட்டியே, நான் ஒண்ணு கேக்குறேன். நீ பின்னாடி வர்றவனைப் பார்க்க இத்தனை செலவு பண்றே. பின்னாடி வர்றவன் உன்னைப் பார்க்க என்ன வெச்சிருக்கே? உன் டிரெய்லர்ல இடது டெயில் லைட்டு போய் ரெண்டு வருஷமாச்சு, வலதைக் கரும்புத் தோகை மூடுது. நேஷனல் ஹைவே 44ல தொப்பூர் இறக்கத்துல லாரிக்காரன் டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல வர்றானே, பார்த்திருக்கே இல்ல? அவனுக்குப் பிரேக் எப்ப பிடிக்கும்னு அவனுக்கே தெரியாது. இருட்டுல நீ கரும்போட ஊர்ந்துகிட்டு இருப்பே. அவன் வர்றதை உன் கேமரா கலர்ல காட்டும். நீ இருக்கறதை அவனுக்கு யாரு காட்டுவா?

பின்பக்கத்துக்குச் சிவப்பு, பக்கவாட்டுக்கு மஞ்சள் ரிஃப்ளெக்டர் டேப்பு எந்த ஸ்பேர்ஸ் கடையிலயும் கிடைக்கும். நாளைக்கு டவுனுக்குப் போறேல்ல, அதையும் ரெண்டு டெயில் லைட்டையும் வாங்கிட்டு வந்து மாட்டு. கரும்பு ஏத்தினா லைட்டு மறையாத எடமாப் பார்த்து மாட்டு. கேமராவை அடுத்த வாரம் பார்த்துக்கலாம், நானும் கூட வர்றேன்.