மாடி சார்

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் கீழே பட்டறையும் மேலே ட்யூஷனுமாக ஓடுகிற கட்டடங்கள் உண்டு. கீழே இருப்பவர் ஓனர். மேலே இருப்பவர் மாடி சார். தர்மபுரிப் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ டிப்ளமோ முடித்து, டூல்ரூம் வேலைக்கு வந்தவராக இருப்பார். பகலில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பார். மாலை 6 மணிக்கு மேல் பி.யூ. பிள்ளைகளின் குவாலிட்டி.

பாடம் தமிழில் ஆரம்பிக்கும், இங்கிலீஷில் நடக்கும், திட்டு மட்டும் கன்னடம். "அர்த்த ஆய்த்தா?" என்பார். வகுப்பு மொத்தமும் தலையாட்டும். அதே நேரம் கீழே பவர் பிரஸ் ஒரு அடி அடிக்கும். தரை அதிரும், கரும்பலகையில் ஒட்டியிருந்த சாக்பொடி உதிரும். சாருக்கு அது இடைஞ்சலே இல்லை. "கேட்டுச்சா? பீரியாடிக் மோஷன். நாளைக்குப் பரீட்சை ஹால்ல ஞாபகம் வரலைன்னா இந்தச் சத்தத்தை நெனச்சுக்கோ."

அவருடைய வேதாந்தம் முழுக்க மைனஸ் மார்க்கில் அடங்கிவிடும். நீட்டில் சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. கர்நாடகத்தின் சி.இ.டி. நுழைவுத் தேர்வில் தப்புக்குத் தண்டனையே கிடையாது. ஆகவே, "நீட்ல தெரியலைன்னா விட்டுடு, சி.இ.டி.ல தெரியலைன்னாலும் விடாதே." கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நீட்டிலும் சராசரியாகக் கால் மார்க் லாபம்தானே என்று ஒரு பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். சார் அரை நிமிஷம் யோசித்தார். "லாட்டரி டிக்கெட்டுக்கும் எவனாவது சராசரி போட்டுக் காட்டுவான். ரெண்டு ஆப்ஷனை அடிச்சுட்டு வா, அப்புறம் தொடு." வீட்டிலும் இதே முறைதான் போலிருக்கிறது. சாம்பாரா ரசமா என்று அம்மணி கேட்டால், "எதுக்கு நெகட்டிவ் இல்லையோ அது" என்கிறாராம்.

ரேங்க் கேரண்டி உண்டா என்று கேட்கிற பெற்றோருக்குப் பதில் தயாராக இருக்கும்: "கேரண்டி வேணும்னா மிக்ஸி வாங்குங்க." ஆனால் ஃபீஸ் விஷயத்தில் அவர் குரல் இறங்கிவிடும். அப்பாக்கள் பெரும்பாலும் ஜாப் ஒர்க் எடுப்பவர்கள். "பார்ட்டி பேமென்ட் இன்னும் வரல சார்" என்பார்கள். சிறுதொழில்காரனுக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. அது அப்பாக்களுக்கே கிடைப்பதில்லை, சாருக்கு எங்கே கிடைக்கும்? நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வார். அந்தப் பக்கத்தில் மட்டும் கூட்டல் போட்டுப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

மாதிரித் தேர்வுக்கு நேரம் பார்ப்பது எச்.எம்.டி. கைக்கடிகாரத்தில், சாவி கொடுக்கிற ரகம். 60 கேள்வி, 80 நிமிஷம். ஒரு நாள் சாவி கொடுக்க மறந்துவிட்டார். முள் நின்றது தெரியாமல் பிள்ளைகள் ஒன்றே முக்கால் மணி நேரம் எழுதினார்கள். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிய மார்க். சார் வீட்டுக்குப் போகிற வழியில் ஜிலேபி வாங்கினார்.

போன மாசம் ஒரு டர்னர், மகனின் ஃபீஸ் பாக்கியைக் கொடுக்க மாடி ஏறி வந்தார். நீட் சிலபஸில் இப்போது வெர்னியர் காலிப்பரும் உண்டு. அன்றைக்கு அந்தப் பாடம். மகன் எழுந்து நின்று ஜீரோ எரர் ஃபார்முலாவை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பா மேஜைமேல் இருந்த காலிப்பரைச் சும்மா எடுத்தார். கட்டைவிரலால் தாடையை மூடி, ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"எப்பவோ கீழ விழுந்திருக்கு சார். 40 மைக்ரான் ஜாஸ்தி காட்டுது."

நாலு வருஷமாக அதை வைத்துத்தான் பாடம். பையன்கள் சாரைப் பார்த்தார்கள். சார் காலிப்பரை வாங்கினார், தானும் மூடிப் பார்த்தார். வெர்னியரின் இரண்டாவது கோடுதான் சேர்ந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார்.

"பிராக்டிகல் எக்ஸாம்பிள். எழுதிக்கோங்க."

டர்னரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.