முடிவு தெரிந்தும் வியர்க்கிறது

உயரத்தைக் கண்டால் உள்ளங்கால் கூசுகிற என்னைப் போன்றவர்கள் பார்க்கக் கூடாத படம் ‘தி வாக்’. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கம்பியைக் கட்டி, 1974 ஆகஸ்ட் 7 காலையில் அதன்மேல் நடந்த பிலிப் பெட்டி என்ற பிரெஞ்சுக்காரரின் கதை. ராபர்ட் ஸெமெக்கிஸ் 2015இல் எடுத்தார். உயரம் சுமார் 400 மீட்டர். கீழே வலை இல்லை, இடுப்பில் கயிறும் இல்லை.

ஆள் விழவில்லை என்பது தெரிந்த கதைதான். படத்தில் அவரே சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தத்தருகே நின்றுகொண்டு கதை சொல்கிறார். விழுந்தவன் இப்படி வாயடிக்க முடியாது. நடிகர் ஜோசப் கார்டன்-லெவிட் நடந்தது ஸ்டுடியோவில், தரைக்குச் சில அடி மேலே என்பதும் தெரியும். ஆனால் இதையெல்லாம் என் உள்ளங்கைக்கு யார் எடுத்துச் சொல்வது? அது பாட்டுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

“டியூப்லைட் மாட்ட ஸ்டூல்ல ஏறினாலே நான் வந்து பிடிச்சுக்கணும். உங்களுக்கு எதுக்குங்க இந்தப் படம்?” என்றாள் மனைவி. தியேட்டரில் முப்பரிமாணத்தில் பார்த்த சிலர் வாந்தியே எடுத்ததாக அப்போது செய்தி வந்தது. நான் வீட்டு டிவியில் பார்த்து சோபாவின் கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டேன். அந்த வகையில் நான் தைரியசாலி.

நடையைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய திருட்டு வேலைகள். 1968இல் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது பெட்டி ஒரு பத்திரிகையில் அந்தக் கோபுரங்களின் படத்தைப் பார்க்கிறார். கோபுரங்கள் இன்னும் எழும்பவே இல்லை. பலமாக ஒரு தும்மல் போட்டு, அந்தச் சத்தத்தில் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, பல்லைக் காட்டாமலே நழுவிவிடுகிறார். பிறகு வேவு பார்க்கிற நாட்களில் காலில் ஆணி ஏறி, ஊன்றுகோலோடு போனால், கோபுரத்துக் காவலாளி கதவையே திறந்துவிடுகிறான். சதிகாரனுக்கு இப்படி உபசாரம் நடந்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கல்யாணத்தில் தாலி கட்ட ஒரு நிமிஷம் போதும். பந்தலும் பாத்திரமும்தான் ஆளைக் கொல்லும். இங்கேயும் அப்படித்தான். எதிர்க் கோபுரத்திலிருந்து நண்பர் அம்பு விடுகிறார். அம்பில் தூண்டில் நரம்பு. இருட்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்று பெட்டி உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு, உடம்பில் எங்காவது உரசுகிறதா என்று மொட்டைமாடியில் உலாவுகிறார். அந்த நரம்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றில் இன்னும் தடித்த கயிற்றைக் கட்டி, கடைசியில் இரும்புக் கம்பி வடத்தை இழுக்கிறார்கள். பாரம் தாங்காமல் அது நழுவ, ராத்திரி முழுக்க இழுவைதான்.

என் கதாநாயகன் பெட்டி அல்ல, ஜெஃப். கணக்கு வாத்தியார், உயரம் என்றால் பயம். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, லிப்ட் குழிக்கு மேலே ஒரு உத்தரத்தில், காவலாளி கண்ணில் படாமல் தார்ப்பாய்க்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். கம்பியில் நடக்கிறவனுக்காவது கையில் கழி இருக்கிறது. ஜெஃபுக்கு என்ன இருக்கிறது? இவருக்கு ஒரு தனிப்படம் எடுக்கலாம்.

அப்புறம் பெட்டி நடக்கிறார். முக்கால் மணி நேரம், எட்டு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இரண்டு முனையிலும் போலீஸ் நிற்க, இவர் கம்பியில் மல்லாந்து படுக்கிறார். நான் அங்கே கண்ணை மூடிக்கொண்டதால் படுத்தபின் என்ன செய்தார் என்பதை மனைவிதான் வர்ணித்தாள். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிடைத்த தண்டனை, சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்கு இலவசமாக வித்தை காட்ட வேண்டும் என்பது. சாப்பாட்டு ராமனைப் பிடித்து, பந்தியில் உட்காரச் சொல்லித் தீர்ப்பளித்தார்கள்.

மறுநாள் ஜேம்ஸ் மார்ஷின் ‘மேன் ஆன் வயர்’ பார்த்தோம். இதே நடையைப் பற்றி 2008இல் வந்து ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம். இதுவே உசத்தி என்பேன். நடையைக் காட்ட அவரிடம் புகைப்படங்கள்தான் உண்டு. படம் அசையாததால் நானும் கண்ணைத் திறந்தே பார்த்தேன். ஸெமெக்கிஸ் தொடாமல் விட்ட ஒரு சங்கதியும் இதில் இருக்கிறது. தன்னோடு பாடுபட்ட காதலி ஆனி காத்திருக்க, விடுதலையானதும் வாழ்த்த வந்த ஒரு ரசிகையோடு போய்விட்டதை பெட்டியே கூச்சமில்லாமல் சொல்கிறார்.

மனைவி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

“அவ்வளவு ஒசரத்துல வழுக்காதவன், தரைக்கு வந்ததும் வழுக்கிட்டானே!”