சமத்துவ டீச்சர்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியையாகவோ வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவராகவோ இருக்கலாம். நமக்கு அவர் சமத்துவ டீச்சர். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, "என் பையன் எட்டு வயசுலேயே வெங்காயம் நறுக்குவான்" என்று சொல்லிவிடுவார்.

மகனுக்கு வரன் தேடியபோது நட்சத்திரம், சம்பளத்துக்கு அடுத்த வரியில் 'நன்றாகச் சமைப்பார்' என்று போட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியலேன்னா பரவாயில்லை, எங்க பையன் பார்த்துப்பான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லப்போக, பெண்ணின் பாட்டி கலவரமாகி, "பையனுக்கு வேற ஏதும் குறை இருக்கான்னு நல்லா விசாரிங்கடி" என்று உள்ளே போய்க் கிசுகிசுத்தாராம்.

மகளிர் தினம் வந்தால் குடியிருப்புச் சங்கத்தில் டீச்சர்தான் சிறப்புப் பேச்சாளர். 2019ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அவருக்கு மனப்பாடம். வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் நூறு ஆண்களில் 26 பேர்தான் அன்றைக்கு அந்த வேலைப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, நீதிபதியே அசந்துபோகும் அழுத்தத்தோடு எடுத்துச் சொல்வார். கேரளத்தில் 2024இல் பள்ளிப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவுகிற படம் வந்தபோது, அதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'நான் எப்பவோ செஞ்சாச்சு' என்று கீழே எழுதினார்.

கைதட்டலும் பொன்னாடையுமாக வீடு திரும்பினால், ஹாலில் சாய்ந்திருக்கும் கணவர், "வந்துட்டியா? இன்னும் டிபன் ஆகலியே" என்பார். டீச்சர் பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். "ஏங்க, பையனைப் பழக்கின மாதிரி உங்களையும் பழக்கியிருக்கணும்" என்று முனகினால், "என்னை வளர்த்தது எங்கம்மா. அந்தப் புகாரையெல்லாம் அங்கே கொடுக்கணும்" என்று பதில் வரும். புகாரை வாங்க வேண்டியவர் போட்டோவில் மாலையோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

மகன் வீட்டுக்குப் போகும்போதுதான் டீச்சரின் கொள்கைக்குச் சோதனை. மகன் பாத்திரம் தேய்க்கிறான். பழக்கம் வீண்போகவில்லை. ஒவ்வொரு தட்டையும் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, "எப்படி?" என்பதுபோல் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பான். அடிப்பிடித்த வாணலியில் மட்டும் தண்ணீர் ஊற்றி, "அது ஊறட்டும்" என்று ஒதுக்கிவிடுவான். அது மறுநாள் காலை மனைவி தேய்க்கும்வரை ஊறும். சிங்க் சல்லடையில் சோற்றுப் பருக்கை அப்படியே கிடக்கும். மேடை ஈரத்தைத் துடைப்பது பாடத்திட்டத்திலேயே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "முடிச்சாச்சு! அடுத்து என்ன பண்ணணும் சொல்லு" என்பான்.

இந்தக் காட்சியையும் டீச்சரால் முழுசாகப் பார்க்க முடியாது. பாதியிலேயே நாரைப் பிடுங்கி, "விடுப்பா, ஆபீஸ்ல இருந்து களைச்சு வந்திருக்கே" என்பார். மருமகளும் அரை மணி முன்னால்தான் ஆபீஸிலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அரிசி களைந்துகொண்டிருப்பாள். அவள் களைப்பு டீச்சர் கண்ணில் படாது.

மருமகள் கெட்டிக்காரி. மாமியாரோடு வாதாடவில்லை. வேலையாகப் பிரித்துக் கொடுத்தால்தானே "அடுத்து என்ன?" என்று கேட்கிறான்? ஒரு இலாகாவையே ஒப்படைத்துவிட்டாள். இட்லி மாவு இலாகா. உளுந்து தீர்வதற்கு முன் வாங்குவது, நேரத்துக்கு ஊறப்போடுவது, அரைப்பது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது, மழைக்காலத்தில் புளிக்காத மாவைப் பார்த்துக் கவலைப்படுவது வரை அவன் பொறுப்பு. அவள் ஞாபகப்படுத்தவே மாட்டாள். டீச்சர் மகனுக்குக் கைவேலை எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தார். கவலைப்படக் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டுவேலையில் பாதி அதுதான்.

முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு இல்லை. டீச்சர் வழக்கம்போல் வீடியோ காலில் வந்தார். தட்டில் உப்புமா.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை அதுவுமா உப்புமாவா?"

"மாவு டிபார்ட்மெண்ட் உங்க பையன்கிட்ட இருக்கு அத்தை. அவர்கிட்டயே கேளுங்க."

மகன் எட்டிப் பார்த்தான். "உளுந்து தீர்ந்துபோச்சும்மா. யாருமே சொல்லல."

டீச்சருக்குள் ஒரு தலைமையாசிரியை விழித்துக்கொண்டார். "யாருடா சொல்லணும்? டப்பாவைத் திறந்து பார்க்கத் தெரியாதா? சோறு திங்கறவனுக்கு உளுந்து தீர்ந்தது தெரிய வேணாமா? இதையெல்லாம் ஒருத்தர் சொல்லிக்கிட்டேவா இருப்பாங்க?"

"அதானே! நல்லாக் கேளு!" என்று பின்னாலிருந்து கணவர் ஆமோதித்தார், காலி காபி டம்ளரை டீச்சர் பக்கமாக நீட்டியபடி.