தாழம்பூ வைத்த மின்னஞ்சல்

இந்த உலகத்தில் என் மீது உண்மையான அக்கறை யாருக்கு என்று கணக்குப் பார்த்தால், என் மனைவி மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறார். முதல் இடம், என் நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இன்றிரவோடு முடங்கிவிடும் என்று பதறுகிறவருக்கு. என்னிடம் நெட்ஃபிளிக்ஸே கிடையாது என்பது அவருடைய பதற்றத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. இரண்டாம் இடம், வருமான வரித் துறையின் பெயரில் எழுதுகிறவருக்கு. நான் கட்டாத வரியை எனக்குத் திருப்பிக் கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

திருவண்ணாமலையில் குடியிருக்கிறவனுக்கு இப்படிப்பட்ட பாசம் புதிதல்ல. காவி கட்டியவரெல்லாம் சாமியார் இல்லை என்பது கிரிவலப் பாதையில் விளையாடுகிற பொடிசுகளுக்கும் தெரியும். "கூப்ட்டு கூப்ட்டு ஆசீர்வாதம் பண்றவர் சாமி இல்ல சார்" என்று எங்கள் ஆட்டோக்காரர் ஒருவர் வெளியூர்க்காரர்களுக்குப் பாடமே எடுப்பார். அதே ஆட்டோக்காரரின் போனுக்குக் கம்பெனி முத்திரையோடு ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பயபக்தியோடு படிக்க ஆரம்பித்துவிடுகிறார். ஃபிஷிங் என்கிற இந்தத் தூண்டில் வேலைக்கு எங்கள் ஊர் ஞானம் ஏனோ செல்லுபடியாவதில்லை.

நிபுணர்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி அழைத்தால் அசல், 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று பொதுவாக ஆரம்பித்தால் போலி. இதைச் சொன்னவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். என் இனிஷியலை ஏதோ ஒரு விண்ணப்பத்தில் விரித்து எழுதினேன். அன்றிலிருந்து ஒரு வங்கி என் அப்பாவோடுதான் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறது. "அன்புள்ள கோவிந்தசாமி, பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று என் பிறந்தநாளில், காலமாகிவிட்ட அப்பாவுக்கு வாழ்த்து வரும். ஆகவே எங்கள் வீட்டில் விதி தலைகீழ்: என் பெயரைச் சரியாகச் சொல்லி அழைத்தால் சந்தேகப்பட வேண்டும், அப்பாவைக் கூப்பிட்டால் வங்கியேதான். அதையும் ரொம்ப நாள் நம்ப முடியாது. எங்கெங்கோ கசிந்த பட்டியல்களில் பெயர், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் சந்தைக்கு வந்தாயிற்று. அப்பாவும் அதில் இருப்பார்.

எழுத்துப் பிழையைப் பார் என்பார்கள். அது அந்தக் காலம். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது, ஒற்றுப் பிழைகூட இல்லை. நம் அலுவலகங்களிலிருந்து வரும் நிஜக் கடிதங்களைப் படித்துப் பழகியவர்கள், பிழையில்லாத கடிதத்தைப் பார்த்தால்தான் உஷாராக வேண்டும்.

எனக்கு இன்றுவரை கைகொடுப்பது ஒன்றுதான். அசல் அலுவலகம் எதுவும் நமக்காக அவசரப்படாது. 24 மணி நேரத்தில் கணக்கு முடங்கும், 12 மணி நேரத்தில் பார்சல் திரும்பிப் போய்விடும், இந்தப் பொத்தானை இப்போதே அழுத்து என்கிறான் ஒருவன். ஒரு பெயர் மாற்றத்துக்காக நான் படி ஏறிய அலுவலகத்தில், "போய்ட்டு வியாழக்கெழமை வாங்க" என்று சொன்னவர் எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை. அவர் அசல். சந்தேகத்துக்கே இடமில்லை.

செங்கம் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த லாட்ஜ் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள், ரூம் கேட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது. இவர் இடது கையில் சாவிக்கொத்தோடு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். புக்கிங்.காம் பெயரில் வந்த மின்னஞ்சல். தங்கிவிட்டுப் போன ஒருவர் உங்கள் விடுதியைப் பற்றி மோசமாக எழுதியிருக்கிறார், நீச்சல் குளம் அழுக்காம், உடனே பதில் சொல்லாவிட்டால் விடுதியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான்.

"நீச்சல் கொளமா? சார், இங்க வெந்நீரே காலைல அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும்தான்."

அதனால் தப்பித்தார். 'வெந்நீர் வரவில்லை' என்று மட்டும் அந்தத் திருடன் எழுதியிருந்தால், படித்த வேகத்தில் பொத்தானை அழுத்தியிருப்பேன் என்று அவரே சொன்னார்.

அழுத்தினால் என்ன ஆகியிருக்கும் என்பதை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் விவரமாக வெளியிட்டிருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து, தெற்காசியா உட்படப் பல பகுதிகளில் விடுதிக்காரர்களைக் குறிவைத்து, புக்கிங்.காம் பெயரில் இந்த வேலை நடந்திருக்கிறது. பொத்தானுக்குப் பின்னால் அச்சு அசல் மாதிரி ஒரு பக்கம். அதில் நாம் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லும் சோதனை. வழக்கமாக இந்தச் சோதனை, படத்தில் பஸ் எங்கே, சிக்னல் எங்கே என்று கேட்கும். இது அப்படியில்லை. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, அடுத்து கண்ட்ரோலும் வி-யும், அதற்கடுத்து என்டர் என்கிறது. அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். இந்த மூன்று அழுத்தலில் நம் கையாலேயே அதை ஒட்டி, நம் கையாலேயே ஓட விட்டுவிடுகிறோம். கடவுச்சொல்லைத் திருடும் மென்பொருள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ரோபோ இல்லை என்று காட்ட ரோபோ மாதிரியே சொன்னபடி செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்!

பொய்ச் சாட்சிக்கு எங்கள் ஊர்தான் ஆதி. சிவனின் அடிமுடி தேடிய கதை நடந்த இடம் இதுதான் என்பது தலபுராணம். பன்றியாகப் பூமியைத் தோண்டிப் போன திருமால், 'முடியவில்லை' என்று நேர்மையாகத் திரும்பிவிட்டார். அன்னமாகப் பறந்த பிரம்மாதான் வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, முடியைப் பார்த்துவிட்டதாகச் சாட்சி சொல்ல வைத்தார். தாழம்பூவின் நிறமும் வாசனையும் அப்படி. சொன்னால் நம்பத்தான் தோன்றும். இணையத்தில் தாழம்பூவின் உத்தியோகத்தைப் பார்ப்பது முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் குட்டிப் பூட்டு. பூட்டு இருந்தால் பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். நாம் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அது சாட்சி. எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. திருடனும் அந்தப் பூட்டைக் காசில்லாமலே வாங்கிக்கொள்ளலாம்.

பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லை என்று சாபம். இன்றைய பிரம்மாக்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு இருக்கிறது: கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எனக்கென்னவோ சாபம்தான் கடுமையாகத் தெரிகிறது.

முத்திரை, பூட்டு எல்லாம் பொய் சொல்லும். முகவரியின் வால் சொல்லாது. மலையை வலம் வருகிறவர்கள் இதை மட்டும் கடைசியிலிருந்து, பின்னோக்கிப் படிக்க வேண்டும். தீபத் திருவிழா டிக்கெட் விற்கும் முகவரி 'அண்ணாமலையார்.ஹெச்ஆர்சிஇ.டிஎன்.கவ்.இன்'. 'கவ்.இன்' அரசாங்கத்துக்கு மட்டுமே கிடைக்கும். அதே சொற்களை முன்பின்னாகக் கோடு போட்டுச் சேர்த்து, கடைசியில் '.காம்' என்று முடித்தால், அதை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்ற வாலுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது இதற்காகத்தான். அந்த வால் வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் முளைக்காது.

2023 பிப்ரவரி 12 விடியற்காலையில் எங்கள் மாவட்டத்தில் நான்கு ஏடிஎம்களை, திருவண்ணாமலை நகரத்தில் இரண்டும் போளூரிலும் கலசபாக்கத்திலும் ஒவ்வொன்றுமாக, கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனது அரியானா பக்கத்துக் கும்பல். அவ்வளவு தூரம் வண்டி, டீசல், சிலிண்டர், ராக்கண் விழிப்பு! மின்னஞ்சல் திருடனுக்கு இதெல்லாம் எதற்கு? 2007 செப்டம்பரில் அபுதாபியில் இருந்த ஒரு தமிழருக்கு, ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் ஒரே ஒரு கடிதம் வந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பாவிட்டால் கணக்கே இருக்காது என்றது. அனுப்பினார். தூத்துக்குடிக் கிளையில் இருந்த கணக்கிலிருந்து சுமார் 6.46 லட்சம் போயிற்று. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தமிழக அரசின் தீர்ப்பு அதிகாரியிடம் வழக்குப் போட்டார். வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லை என்று 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

இதைப் படித்துவிட்டு, போனால் இரட்டிப்பாக வரும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது வருஷக் கணக்கில் வழக்காடியவருக்கு வந்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதியின்படி, கடவுச்சொல்லை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பாடு. அதனால் பணம் போனதும் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால், அந்தப் பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள். 1930-க்கு நீங்கள்தான் அடிக்க வேண்டும். புகாரே கொடுக்காத உங்களை, "1930-லேர்ந்து பேசறோம், உங்க பணத்த மீட்டுட்டோம், இந்த லிங்க்க கொஞ்சம் அழுத்துங்க" என்று ஒருவர் அக்கறையோடு கூப்பிட்டால், போனை வைத்துவிடுங்கள்.